ஒரே புஷ்ஷை இரண்டு முறை மாற்றினேன்

என் கார் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிட்டு மறுபடி முன்னால் நகர்த்தும்போது, முன்பக்க இடது சக்கரத்தின் பக்கமிருந்து ஒரே ஒரு 'டொக்'. நேராக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் கேட்காது. பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுக்கும், விட்டால் நேராகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து வந்த அப்பாதான் முதலில் சொன்னார், "கீழே ஏதோ தளர்ந்து கிடக்கு, பாரு" என்று. நான் இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். அந்த இரண்டு மாதத்தில் டயர் தேய்ந்த கணக்கைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஷாக் அப்சர்பர் போய்விட்டது என்றார்கள். அவ்வளவு தூரம் ஓடிய வண்டி என்பதால் நானும் நம்பினேன். முன்பக்க ஷாக் இரண்டும், மேலே இருக்கும் மவுன்ட்டும் மாற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிப்படுத்தும் வீல் அலைன்மென்ட்டும் செய்தோம். வண்டி உண்மையாகவே மெத்தென்று ஆனது. அதனால் ஒரு வாரம் சத்தமும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவு வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து முன்னால் வந்தபோது அதே 'டொக்'. சுற்றிலும் அமைதியாக இருந்ததால் இந்த முறை தெளிவாகவே கேட்டது.

அடுத்து நான் போனது வயதான ஒரு மெக்கானிக்கிடம். அவர் வண்டியை ஓட்டவே இல்லை. என்னை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கைப் பாதி அழுத்தியபடியே வண்டியை ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் நகர்த்தச் சொன்னார். சக்கரத்துக்குப் பக்கவாட்டில், வண்டி பாயும் வழியில் இல்லாமல் தள்ளி நின்று பார்த்தார். பிறகு என்னை இறங்கச் சொல்லி அவர் உட்கார்ந்து நகர்த்தினார். இடது சக்கரம் மட்கார்டுக்குள் முன்னும் பின்னுமாக விரல் கனம் நகர்ந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். வலது சக்கரத்தில் அந்த அசைவு இல்லை.

"ஷாக் மாத்தினா இது எப்படித் தம்பி போகும்? ஷாக் மேலயும் கீழயும்தான் பிடிக்கும். இது முன்னயும் பின்னயும் போகுது."

இந்த ஒரு வாக்கியத்தில் என் முதல் செலவு வீண் என்று புரிந்துவிட்டது. லிஃப்டில் ஏற்றி, லோயர் ஆர்முக்கும் பிரேமுக்கும் நடுவில் லீவர் கம்பியைக் கொடுத்து நெம்பினார். பின் புஷ்ஷின் நடுவிலிருந்த இரும்புக் குழாய் ரப்பரைவிட்டு விலகித் தனியாக ஆடியது. ரப்பர் கிழிந்த இடம் வாய் பிளந்ததுபோலத் திறந்து மூடியது.

புஷ் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தெரியாமல்தான் நான் இரண்டு முறை செலவழித்தேன். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு கட்டிவைக்கும் கை. அதன் ஒரு முனையில் பால் ஜாயின்ட் என்ற சுழலும் மூட்டு வழியாகச் சக்கரம். மறுமுனையில் இரண்டு இடங்களில் வண்டியின் சப்ஃபிரேம், அதாவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டம். அந்த இரண்டு இடங்களிலும் இரும்போடு இரும்பு நேராக மோதாமல் இருக்க, நடுவில் ஒரு ரப்பர் உருளை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே இன்னொரு குழாய், இரண்டுக்கும் நடுவில் ரப்பர். இந்த ரப்பர் வெறுமனே சொருகியிருப்பதில்லை. உள் குழாயோடும், பெரும்பாலும் வெளிக் குழாயோடும் இறுக ஒட்டப்பட்டிருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது புஷ் பேரிங் மாதிரி சுழலாது. ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பும். கதையின் பாதி இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

பல கார்களில் ஆர்ம், 'எல்' போல வளைந்திருக்கும். அதில் முன் புஷ் கெட்டியாக இருந்து, திருப்பத்தில் வரும் பக்கவாட்டு விசையைத் தாங்கும். பின் புஷ் பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கும். ரப்பரில் வேண்டுமென்றே இடைவெளிகள் விட்டிருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் இடித்தால் ஒரு துளி பின்னுக்குப் போய் அதிர்ச்சியை விழுங்கிக்கொள்வதற்காக. பிரேக் போடும்போது சக்கரத்தைப் பின்னால் தள்ளும் விசையையும் பெரும்பாலும் அதுதான் வாங்குகிறது. அதனாலேயே முதலில் போவதும் பெரும்பாலும் அதுதான். சில வண்டிகளில் அதற்குள் திரவம்கூட நிரப்பியிருப்பார்கள். அது வெடித்தால் ஆர்மின் மேல் கருப்பாக ஒழுகிய தடம் தெரியும். ஷாக் ஒழுகுகிறது, இன்ஜின் ஆயில் ஒழுகுகிறது என்று அதைத் தவறாகப் படிப்பதுண்டு.

அவர் சொன்ன விலைதான் என்னை யோசிக்க வைத்தது. இரண்டு வழி சொன்னார். புஷ்ஷை மட்டும் மாற்றலாம், அல்லது புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் சேர்ந்து வரும் முழு ஆர்மையே மாற்றலாம். புஷ் மட்டும் என்றால் பொருளின் விலை மிகக் குறைவு. ஆனால் ஆர்மைக் கழற்றி, பிரஸ் என்ற அழுத்தும் இயந்திரத்தில் வைத்துப் பழையதைத் தள்ளி, புதியதை ஏற்றி, மறுபடி மாட்டி, அலைன்மென்ட் செய்கிற கூலி மட்டும் புஷ்ஷின் விலையைப்போல ஐந்து மடங்கு வந்தது. முழு ஆர்ம் என்றால் பொருளின் விலை ஏறும், பிரஸ் வேலை இல்லாததால் கூலி இறங்கும். கடைசியில் இரண்டு தொகைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கோ கையளவு ரப்பருக்கு ஐந்து மடங்கு கூலியா என்று தோன்றியது. நானே செய்கிறேன் என்று முடிவெடுத்தேன். நண்பன் ஒருவன் உதவிக்கு வந்தான். வண்டியைத் தாங்கி நிறுத்தும் இரண்டு ஸ்டாண்டு, ஒரு நல்ல ஜாக்கி, சாக்கெட் செட், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் எல்லாம் இருந்தன. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திக் கீழே படுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மற்ற எதுவும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

ஆர்மை சப்ஃபிரேமோடு பிணைக்கும் முன் போல்ட்டில்தான் முதல் சிக்கல். நட் கழன்றுவிட்டது. போல்ட் தலையைத் திருப்பினால் போல்ட்டும் திரும்புகிறது. ஆனால் வெளியே வரவில்லை. போல்ட்டும் புஷ்ஷின் உள் குழாயும் துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தன. நான் திருப்பத் திருப்ப, போல்ட்டோடு சேர்ந்து ரப்பரும் முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. துருவை இளக்கும் எண்ணெயை அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டோம். காலையிலும் அதே நிலை. கேஸ் நெருப்பால் சூடாக்கலாம் என்றான் நண்பன். பக்கத்திலேயே பிரேக் ஹோஸும் பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையும் இருந்தன. சூடு வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். புஷ்ஷுக்கும் அதைப் பிடித்திருக்கும் சப்ஃபிரேமின் பிராக்கெட்டுக்கும் நடுவே இருந்த சன்னமான இடைவெளியில் ஆக்ஸா பிளேடை நுழைத்து, இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தோம். மூன்று மணி நேரம் போனது.

அறுத்த போல்ட்டுக்குப் பதில் போல்ட் வேண்டுமே. ஹார்டுவேர் கடையில் அதே கனத்தில் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். சஸ்பென்ஷன் போல்ட்டின் தலையில் 10.9 என்பது போன்ற எண் பொறித்திருக்கும். அது போல்ட்டின் வலிமை வகை. சாதாரணக் கடைப் போல்ட் 8.8 ஆகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். சக்கரத்தை வண்டியோடு கட்டிவைக்கும் போல்ட் அது. இன்னொன்று, சில வண்டிகளில் இந்தப் போல்ட்டுகளை ஒரு குறிப்பிட்ட இறுக்கம் வரை இறுக்கி, அதற்கு மேல் இத்தனை டிகிரி திருப்பு என்று சொல்லியிருப்பார்கள். அப்படி இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீளும். அவற்றைக் கழற்றினால் புதிது போடவேண்டும் என்று பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகத்திலேயே இருக்கும். என் வண்டிக்கான போல்ட் வர இரண்டு நாள் ஆனது. இரண்டு நாளும் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. வேலை தொடங்கும் முன்பே போல்ட், நட் எல்லாம் வாங்கி வைத்திருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சம்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு, எனக்கு அது நேரவில்லை. சில வண்டிகளில் போல்ட்டை உருவ இடமே இருக்காது. பாதி வெளியே வந்ததும் கியர்பாக்ஸிலோ சப்ஃபிரேமின் வேறு பகுதியிலோ முட்டி நிற்கும். இன்ஜினைத் தாங்கிப் பிடித்து சப்ஃபிரேமை இறக்கினால்தான் போல்ட் வரும். அந்த வேலைக்கு மெக்கானிக் அதிகக் கூலி கேட்டால் அது நியாயமான கூலி. வேலையில் இறங்கும் முன் கீழே படுத்து, போல்ட்டின் நீளத்துக்கு எதிரே காலி இடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

ஆர்ம் வெளியே வந்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிரஸ் இல்லாமல் புஷ்ஷைக் கழற்ற நீளமான திருகுக் கம்பி, இரண்டு நட், ஒரு பெரிய சாக்கெட், ஒரு குழாய்த் துண்டு போதும் என்று பலர் செய்வதுண்டு. சிறிய புஷ்களுக்கு அது நடக்கும். என் பின் புஷ்ஷுக்கு நடக்கவில்லை. திருகுக் கம்பியின் மரை வழித்துக்கொண்டு போனதுதான் மிச்சம். கடைசியில் ரப்பரை ட்ரில் போட்டுத் துளைத்துக் கழற்றி, ஆர்முக்குள் ஒட்டிக்கொண்டிருந்த வெளிக் குழாயை உள்ளிருந்து ஆக்ஸா பிளேடால் ஒரே கோடாக அறுத்தேன். குழாய் அறுபடும் கணத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் போனால் ஆர்மின் துளையில் கீறல் விழும், புதிய புஷ் அங்கே இறுகிப் பிடிக்காது. குழாய் அறுந்ததும் சுத்தியலால் உள்பக்கம் மடித்து வெளியே தட்டினேன். ரப்பரைக் கொளுத்திவிட்டால் சுலபம் என்று சொல்வார்கள். அந்தப் புகை நச்சு. ஆர்மின் பெயிண்டும் எரிந்துபோய், அடுத்த துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

கழற்றும் முன் நான் செய்த ஒரு நல்ல காரியம், பழைய புஷ் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று ஆர்மிலும் புஷ்ஷிலும் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டுப் படம் எடுத்ததுதான். ரப்பரில் விட்டிருக்கும் இடைவெளிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம்தான் புஷ் மென்மையாக இருக்கும். அதைக் கால் சுற்று திருப்பிப் போட்டால், கெட்டியாக இருக்கவேண்டிய திசையில் தளர்ந்தும், தளர வேண்டிய திசையில் கெட்டியாகவும் நிற்கும். புஷ் புதிது, வேலை தவறு.

புதியதை ஏற்ற, அதை ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்தோம். குளிரில் வெளிக் குழாய் மிகச் சிறிய அளவு சுருங்கும். துளையைத் துரு இல்லாமல் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவி, பிரஸ் இருக்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துப்போய் ஏற்றினோம். இங்கே இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். பிரஸ் அழுத்துவது புஷ்ஷின் வெளிக் குழாயின் விளிம்பில் இருக்கவேண்டும். ரப்பரிலோ நடுக் குழாயிலோ அழுத்தினால், மாட்டும் முன்பே ரப்பர் ஒட்டு விட்டுவிடும். இரண்டாவது, தகட்டை மடித்துச் செய்த ஆர்ம் என்றால் அடியில் சரியான தாங்கல் கொடுக்காமல் அழுத்தக் கூடாது, ஆர்மே நெளிந்துவிடும். ஆயில், கிரீஸ் எதையும் தடவக் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதி இளகிவிடும். இன்ஜினிலிருந்து ஆயில் சொட்டி புஷ்ஷின் மேல் விழுகிற வண்டிகளில் புஷ் சீக்கிரம் போவதும் இதனால்தான். ஆயில் ஒழுக்கை நிறுத்தாமல் புஷ்ஷை மட்டும் மாற்றினால் அதே செலவு மீண்டும் வரும்.

மாலையில் எல்லாவற்றையும் மாட்டி, டார்க் ரெஞ்ச் வைத்து புத்தகத்தில் சொன்ன அளவுக்கு ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கினேன். சக்கரம் மாட்டி வண்டியை இறக்கினோம். சத்தம் இல்லை. பிரேக்கில் இழுக்கவில்லை. அலைன்மென்ட் செய்துகொண்டு வந்தேன். அன்று இரவு எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

ஐந்து மாதம், சுமார் ஏழாயிரம் கிலோமீட்டர். அதே இடத்தில் அதே 'டொக்'.

மறுபடி அந்தப் பெரியவரிடமே போனேன். லிஃப்டில் ஏற்றி, புதிய புஷ்ஷைப் பார்த்தார். நடுக் குழாயைச் சுற்றிப் பிறை நிலா வடிவில் ரப்பர் கிழிந்திருந்தது. என் மேல் கோபப்படவும் இல்லை, குறையும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசியா டைட் பண்ணும்போது வண்டி தரையில நின்னுச்சா, சக்கரம் தொங்கிட்டு இருந்துச்சா?"

"தொங்கிட்டுத்தான் இருந்துச்சுண்ணே. ஸ்டாண்டுல வச்சே டைட் பண்ணினேன்."

"அதான்."

அந்த 'அதான்' எனக்கு முதலில் புரியவில்லை. அவர் ஒரு பழைய ஆர்மை எடுத்துக் கையில் வைத்துக் காட்டினார். போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள் குழாய் பிராக்கெட்டோடு பூட்டிக்கொள்கிறது, அதன் பிறகு அது திரும்பாது. ஆர்ம் ஏறி இறங்குவதை எல்லாம் ரப்பர் முறுக்கித்தான் தாங்குகிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கினால், நிற்கும்போது ரப்பரில் முறுக்கு இல்லை. பள்ளத்தில் கொஞ்சம் இப்படி, மேட்டில் கொஞ்சம் அப்படி, அவ்வளவுதான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கிய கணத்திலிருந்தே ரப்பர் முறுக்கிய நிலையில் நிற்கிறது. ராத்திரி நிறுத்தி வைத்திருந்தாலும் முறுக்கில்தான் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் வண்டியின் ஆர்ம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நீளம். ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் சுமார் 9 சென்டிமீட்டர் தொங்குகிறது. அப்படியென்றால் ஆர்ம் கிட்டத்தட்ட 15 டிகிரி திரும்பியிருக்கிறது. அந்த 15 டிகிரி முறுக்கை ஐந்து மாதம் இரவும் பகலும் ரப்பருக்குக் கொடுத்து வைத்திருந்தேன். அதற்கு மேல் ஒவ்வொரு வேகத்தடையும் இன்னும் சில டிகிரி சேர்த்தது. புஷ் நல்ல கம்பெனிப் பொருள்தான், அதில் எந்தக் குறையும் இல்லை.

இதைச் சரியாகச் செய்வது ஒன்றும் கடினமில்லை. வேலை தொடங்கும் முன், வண்டி சமதளத்தில் நிற்கும்போது சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு வளைவின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். என் வண்டியில் 38 சென்டிமீட்டர். எல்லாப் போல்ட்டையும் கையால் பிடிக்கிற அளவுக்கு மட்டும் மாட்டிவிட்டு, ஸ்டாண்டு இருந்த இடத்திலேயே இருக்க, சக்கரம் பொருந்தும் பகுதிக்கு அடியில் இரண்டாவது ஜாக்கியை வைத்து, அந்த அளவு வரும் வரை மெதுவாக உயர்த்துங்கள். அந்த நிலையில் புஷ் போல்ட்டுகளை இறுதியாக இறுக்குங்கள். வண்டியே ஸ்டாண்டைவிட்டு எழும்புவதுபோலத் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். சாய்தளமோ குழியோ நான்கு தூண் லிஃப்டோ உள்ள இடம் என்றால், சக்கரங்கள் நான்கும் எடையைத் தாங்கி நிற்க, அடியிலிருந்து இறுக்கலாம். அதுதான் இருப்பதிலேயே நல்லது. பால் ஜாயின்ட் நட்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது சுழலும் மூட்டு, எந்த நிலையிலும் இறுக்கலாம்.

இரண்டாவது முறை நான் புஷ் மட்டும் வாங்கவில்லை. இரண்டு பக்கமும் முழு ஆர்ம், புது போல்ட், புது நட். பால் ஜாயின்ட்டுக்கும் அதே வயதாகிவிட்டிருந்தது. வலது பக்கப் புஷ்ஷும் லீவர் வைத்தால் லேசாக ஆடியது. ஒரு பக்கம் புது ரப்பரும் மறுபக்கம் தளர்ந்த ரப்பரும் இருந்தால் பிரேக் போடும்போது இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. பெரியவரிடமே வேலையைக் கொடுத்தேன். காலையில் விட்டு மதியம் எடுத்தேன். துருப்பிடித்த போல்ட், பிரஸ், ஃப்ரீசர் எதுவும் இல்லை. முதல் முறை நான் இரண்டு பகல் முழுக்க உழைத்த வேலை.

மொத்தச் செலவைப் பார்த்தால் மனசு வலிக்கும், ஆனாலும் சொல்கிறேன். தேவையில்லாமல் மாற்றிய ஷாக் இரண்டு. அலைன்மென்ட் மூன்று முறை. ஷாக்குக்குப் பிறகு ஒன்று, புஷ்ஷுக்குப் பிறகு ஒன்று, ஆர்முக்குப் பிறகு ஒன்று. அறுத்த போல்ட்டுக்குப் பதில் ஒன்று, வழித்துப்போன திருகுக் கம்பி, பட்டறைக் கூலி. கடைசியாக, உள்பக்க விளிம்பு மட்டும் வழுக்கையான முன் டயர் இரண்டு. பிரேக் போடும்போதெல்லாம் சக்கரம் திசை மாறித் தரையைத் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது. தளர்ந்த புஷ்ஷோடு செய்த அலைன்மென்ட்டால் பயனும் இல்லை. மெஷினில் நிற்கும்போது சரியான அளவு காட்டும், தெருவுக்கு வந்து பிரேக்கைத் தொட்டதும் அந்த அளவு போய்விடும். இவை எல்லாவற்றிலும் அந்த ரப்பர் புஷ்ஷின் விலை இருபதில் ஒரு பங்குகூட வராது.

அதனால் ஒர்க்‌ஷாப்பில் வண்டி விடும் முன் நான் இப்போது கேட்கிற கேள்விகள் உண்டு. எந்தப் புஷ் போயிருக்கிறது என்று லீவர் வைத்து எனக்குக் காட்டமுடியுமா? வெளியே தெரியும் சிறு வெடிப்பு ஒன்றுக்காக மாற்றச் சொல்கிறார்களா, உண்மையில் குழாய் விலகி ஆடுகிறதா? வயதான எல்லா ரப்பரிலும் மேற்பரப்பில் சன்னமான வெடிப்பு இருக்கும், அது மட்டுமே காரணமில்லை. போல்ட் வராமல் அறுக்க நேர்ந்தால் கூடுதல் கூலி எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்கிறேன். கடைசி இறுக்கம் சக்கரம் தரையில் இருக்கும்போது நடக்குமா என்று கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிற இடத்தில் என் வண்டியை விடமாட்டேன். கேட்டதும் "ஆமா, அப்படித்தானே செய்யணும்" என்பவர்கள்தான் எனக்கு வேண்டிய ஆட்கள்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகையில் செய்த புஷ் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். அது ரப்பரைவிடக் கெட்டி, ஆயிலுக்கும் அசையாது. பல வகைகள் இரண்டு துண்டாக வருவதால் ஏற்றுவதற்குப் பிரஸ்கூடத் தேவைப்படாது. ஆனால் அது குழாயோடு ஒட்டப்பட்டதில்லை, உள் குழாய் அதற்குள் சுழலும். அதற்கென்று கொடுக்கும் கிரீஸைத் தடவாவிட்டால் கீச்சிடும். சாலையின் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கில் தெரியும். வேகமாக ஓட்டி, திருப்பத்தில் துல்லியம் வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தும். அப்பா அம்மாவை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டியில் நான் ரப்பரையே போடுவேன். பின் அச்சில் பல திசையில் வளைய வேண்டிய புஷ்களில் கெட்டியான பொருளைப் போட்டால் அச்சின் அசைவே தடைபடலாம்.

வீட்டில் செய்து பழக ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆர்ம் புஷ்ஷில் தொடங்காதீர்கள். திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரின் புஷ்ஷில் தொடங்குங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்திருக்கும் ரப்பர், இரண்டு போல்ட், ஒரு கிளாம்ப், அவ்வளவுதான். சில வண்டிகளில் அந்தக் கிளாம்ப்கூட சப்ஃபிரேமுக்கு மேலே ஒளிந்திருக்கும், முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தடையில் வருகிற 'லொட லொட' சத்தம் பல நேரம் அந்தப் புஷ்ஷிலிருந்தோ அதோடு சேர்ந்த லிங்க் ராடிலிருந்தோதான் வரும். அதை மாற்றியே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே கட்டையாக இணைக்கும் பீம் அச்சின் புஷ், பல இணைப்புக் கைகள் கொண்ட பின் சஸ்பென்ஷன், இவற்றை நான் தொடமாட்டேன். பீம் அச்சில் புஷ்ஷை வண்டியோடு வைத்தே இழுத்துக் கழற்ற அதற்கென்று தனிக் கருவி வேண்டும், பிரேக் பைப்பைக் காப்பாற்றிக்கொண்டே அச்சை இறக்கவும் வேண்டும்.

புஷ் தளர்ந்தால் வண்டி அன்றே நின்றுவிடாது. சில வாரம் திட்டமிட்டு மாற்ற நேரம் கிடைக்கும். ஆனால் பால் ஜாயின்ட் ஆடுகிறது என்றால் அந்தத் தாமதம் கூடாது. அது கழன்றால் சக்கரமே மடிந்துவிடும். ஆர்மின் ஒரு முனையைச் சோதிக்கும்போது மறு முனையையும் சோதித்துவிட வேண்டும் என்று அந்தப் பெரியவர் சொன்னது இதற்காகத்தான்.

புது ஆர்ம் போட்டு இருபத்து நான்காயிரம் கிலோமீட்டர் ஆகிறது. மாட்டிய அன்றைய மீட்டர் எண், போல்ட் இறுக்கங்கள், அந்த 38 சென்டிமீட்டர் அளவு எல்லாம் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. போன வாரம் ஆயில் மாற்ற வண்டி லிஃப்டில் ஏறியிருந்தபோது, லீவரை வாங்கி நானே நெம்பிப் பார்த்தேன். ரப்பர் நெகிழ்ந்தது, குழாய் விலகவில்லை. வலது பக்கப் பின் புஷ்ஷின் ஓரத்தில் மட்டும் தலைமுடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த ஆயில் மாற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.